ஷோ க்வயரா, ஆல்-ஸ்டேட்டா, இரண்டும் வேண்டாமா?

ஏப்ரல் மாதம் வந்தால் எங்கள் ஊர்ப் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வரும். அடுத்த ஆண்டு உங்கள் பிள்ளை எந்த இசைக் குழுவில் சேரப் போகிறது என்று கேட்கும் படிவம். நாங்கள் இருப்பது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டெ மொய்ன் நகரை ஒட்டிய ஒரு புறநகரில். காப்பீட்டு நிறுவனங்களின் கணினி வேலையை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய. பல வீடுகளில் ஒரு பிள்ளையாவது சனிக்கிழமை காலையில் ஜூமில் சென்னை டீச்சருக்கு வர்ணம் பாடிக் காட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளை எட்டாம் வகுப்பை முடிக்கும் நேரத்தில் இந்தப் படிவம் வந்து சேரும். உடனே வாட்ஸாப் குழுவில் ஆரம்பித்துவிடுவார்கள்: "ஷோ க்வயர்ல போடலாமா? சாதா க்வயர் போதுமா? ஆல்-ஸ்டேட்னா என்ன? சனிக்கிழமை பாட்டு கிளாஸை என்ன பண்றது?"

என் மகள் இதில் நான்கு ஆண்டுகள் ஓடி முடித்துவிட்டாள். இப்போது மகனுக்கு அதே படிவம் வந்து ஃப்ரிட்ஜ் கதவில் தொங்குகிறது. வாட்ஸாப்பில் துண்டு துண்டாகப் பதில் சொல்லி அலுத்துப் போனதால், மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

க்வயர் என்றால் பல குரல்களில் சேர்ந்து பாடும் குழு. முதலில் ஷோ க்வயர் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். முப்பதிலிருந்து அறுபது பிள்ளைகள் வரை, ரைசர் என்னும் படிமேடையில் நின்று, பல குரல்களாகப் பிரிந்து பாடிக்கொண்டே ஆடுவார்கள். பக்கத்திலோ பின்னாலோ கீபோர்டு, கிட்டார், டிரம்ஸ், ட்ரம்பெட் என்று ஒரு பேண்ட் வாசிக்கும். அதற்கு காம்போ என்று பெயர். நிகழ்ச்சி பதினைந்து, இருபது நிமிடம் போகும். வேகமான பாட்டில் தொடங்குவார்கள். நடுவில் எல்லாரும் ஏறக்குறைய அசையாமல் நின்று பாடும் பேலட் ஒன்று வரும். பிறகு சிரிக்கவைக்க ஒன்று, கடைசியில் மேடை அதிர ஒன்று. இடையே உடை மாற்றமும் உண்டு. சில குழுக்கள் அதை மேடையிலேயே, பார்க்கிறவர் கண் முன்னாலேயே, சில விநாடிகளில் செய்துவிடும்.

மகளின் முதல் நிகழ்ச்சி வீடியோவை என் மாமியாருக்குக் காட்டியபோது, திருச்சியிலிருந்து வந்த முதல் கேள்வி, "இது என்ன, ரெக்கார்டு டான்ஸா?" இல்லை அத்தை, பாடுவது இந்தப் பிள்ளைகளேதான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "ஆடிக்கிட்டேவா பாடுறாங்க? மூச்சு வாங்காதா?" என்றார். நான்கு ஆண்டுகளில் இதைப் பற்றி யாரும் இவ்வளவு சரியான கேள்வி கேட்டதில்லை. மூச்சுதான் இதில் பாதி வேலை. ஆகஸ்ட் வெயிலில் ஜிம்மைச் சுற்றி ஓடிக்கொண்டே முழுப் பாட்டையும் பாடவைப்பார்கள். ஓடும்போது சுருதி நழுவினால் மறுபடி முதலிலிருந்து.

இதன் வரலாறு ரொம்பப் பழையதல்ல. மில்டன் ஆண்டர்சன் 1962-ல் தொடங்கிய யங் அமெரிக்கன்ஸ், 1965-ல் வந்த அப் வித் பீப்பிள் போன்ற பாடி ஆடும் இளைஞர் குழுக்களைப் பார்த்துப் பள்ளிகளும் இறங்கின. அப்போது ஸ்விங் க்வயர் என்று பெயர். 1970களின் நடுவிலேயே இண்டியானாவில் ஃபோர்ட் வேன் நகரத்தின் பிஷப் லூயர்ஸ் பள்ளி இதைப் போட்டியாக நடத்தத் தொடங்கிவிட்டது. 2009-ல் ஃபாக்ஸ் டிவியில் 'க்ளீ' தொடர் வந்த பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. ஆனால் அந்தத் தொடரில் வருவதுபோல் வாராவாரம் ஒரு புதுப் பாட்டை யாரும் அரங்கேற்றுவதில்லை. ஆகஸ்டில் கற்ற அதே ஐந்து பாட்டுகளைத்தான் மார்ச் வரைக்கும் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள்.

ஆல்-ஸ்டேட் இதற்கு நேரெதிர். மாநிலம் முழுவதிலுமிருந்து தேர்ந்தெடுத்த பிள்ளைகள் பாடும் பெரிய க்வயர், அயோவா உயர்நிலைப் பள்ளி இசைச் சங்கம் நடத்துவது. மாநிலம் முழுக்க ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள், கோடைக்காலத்திலேயே அறிவிக்கப்படும் பாடல்களைப் படித்துக்கொண்டு, அக்டோபரில் ஒரு சனிக்கிழமை குரல் தேர்வுக்குப் போவார்கள். சொப்ரானோ, ஆல்ட்டோ (பெண்களின் மேல் குரல், கீழ்க் குரல்), டெனர், பேஸ் (ஆண்களின் மேல் குரல், கீழ்க் குரல்) என்று நால்வராக ஓர் அறைக்குள் போய் நடுவர்கள் முன் பாட வேண்டும். நடனம், ஒளி, உடை எதுவும் கிடையாது. கதவு சாத்தியிருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று பெற்றோருக்குத் தெரியாது. தேறியவர்கள் நவம்பரில் ஏம்ஸ் நகரில் கூடி, சில நாள் ஒன்றாகப் பயிற்சி செய்து, அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹில்டன் அரங்கில் பாடுவார்கள். நூற்றுக்கணக்கான குரல்கள் ஒன்றாக எழும் அந்தச் சத்தத்தை நேரில் ஒரு முறையாவது கேட்க வேண்டும். நான் பாட்டு கேட்டு லேசில் கண் கலங்குகிற ஆள் இல்லை. அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பெரும்பாலான பள்ளிகளில் ஷோ க்வயரில் இருக்க வேண்டுமானால் பகலில் வகுப்பாக நடக்கும் சாதா க்வயரிலும் இருந்தாக வேண்டும். ஆல்-ஸ்டேட் நவம்பரோடு முடிந்துவிடும், ஷோ க்வயர் போட்டிகள் ஜனவரியில்தான் தொடங்கும். அதனால் நாள்காட்டியில் பெரிய மோதல் இல்லை. பிள்ளையின் உடம்பிலும் வீட்டாரின் சனிக்கிழமைகளிலும்தான் மோதல். நிறையப் பிள்ளைகள் இரண்டையும் செய்கிறார்கள். ஆனால் ஒன்பதாம் வகுப்பில், புதுப் பள்ளியில், எதில் மனசை வைப்பது என்ற கேள்வி எல்லாருக்கும் உண்டு.

மகளுக்கு நாங்கள் முதலில் ஆல்-ஸ்டேட்டைத்தான் தேர்ந்தெடுத்தோம். காரணம் கேட்டால் வெட்கமாக இருக்கிறது. எங்களுக்குப் புரிகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். தேர்வு, முடிவு, பட்டியலில் பெயர். தமிழ்ப் பெற்றோருக்கு இதைவிடப் பழகின வடிவம் உண்டா? ஒன்பதாம் வகுப்பில் போனாள். அவளுடைய நால்வரில் இருவருக்குக் கிடைத்தது. இவளுக்குக் கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு வருடம் பாட்டு கற்ற பெண்ணுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று எனக்கும் புரியவில்லை.

பிறகு மெல்லப் புரிந்தது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கர்நாடக சங்கீதம் கற்ற பிள்ளைகள் இங்கே எதில் முந்துவார்கள், எதில் தடுக்கி விழுவார்கள் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

நம் பிள்ளைகளுக்குக் காது நன்றாக இருக்கும். டோ ரே மி என்று க்வயர் ஆசிரியர் தொடங்கினால், அது சங்கராபரணம் என்று இரண்டாம் நாளே பிடித்துக்கொள்வார்கள். வாயால் பாடுகிற ஸ்வரத்தை உடனே திருப்பிச் சொல்வார்கள். ஆனால் ஐந்து கோட்டில் எழுதிய நோட்ஸைப் பார்த்துப் பாடச் சொன்னால், அத்தனையும் வரிசையாக ஊரும் கறுப்பு எறும்புகள். அதைக் கற்க மகளுக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது.

அடுத்தது கமகம். ஸ்வரத்தை அசைத்துப் பாடித்தான் எட்டு வருடம் பாராட்டு வாங்கியிருக்கிறாள். இங்கே, அசைக்காதே, நேராக நிறுத்து என்கிறார்கள். ஐம்பது பேர் பாடும்போது ஒரு குரல் மட்டும் ஊஞ்சல் ஆடினால் ஒத்திசைவு கலைந்துவிடும். நேராக நிறுத்தக் கற்றுக்கொண்டு சனிக்கிழமை வகுப்புக்குப் போனால், சென்னை டீச்சர், "ஏம்மா, காந்தாரம் மொட்டையா நிக்குது?" என்று கேட்டார். இரண்டு பக்கமும் திட்டு. பதினாறு வயதில்தான் இந்தக் கதவுக்கு இது, அந்தக் கதவுக்கு அது என்று சாவியை மாற்றிப் போடக் கற்றுக்கொண்டாள்.

மூன்றாவது, இதுதான் பெரிய விஷயம். நம் பிள்ளைகள் தங்களுக்கு வசதியான கட்டையில் பாடிப் பழகியவர்கள். மகளுக்கு ஐந்தரைக் கட்டை. அவள் பாடும்போது தம்புராவும் வயலினும் மிருதங்கமும் அவளுக்குத் தக்கபடி சேர்ந்துகொள்ளும். க்வயரில் சுருதி பாட்டுக்குச் சொந்தம், அவளுக்கல்ல. அவளுக்குக் கொடுத்தது ஆல்ட்டோ குரல். ஆல்ட்டோவுக்குப் பெரும்பாலும் மெட்டு இருக்காது. சொப்ரானோ மெட்டைப் பாடிக்கொண்டு மேலே பறக்கும்போது, கீழே ஒரே இடத்தில் நின்று நான்கு ஸ்வரத்தையே சுற்றி வர வேண்டும். வீட்டில் அவள் பழகுவதைக் கேட்டால் எந்தப் பாட்டு என்றே தெரியாது, யாரோ முனகுவது போல் இருக்கும். காது அவளை மீறி மெட்டுக்குத் தாவும். முதல் ஆண்டு ஆல்-ஸ்டேட் தேர்வு அறையில் அதுதான் நடந்திருக்கிறது. பாதிப் பாட்டில் சொப்ரானோவோடு போய்விட்டாள்.

பத்தாம் வகுப்பில் அவளே ஷோ க்வயர் படிவத்தை நிரப்பிக் கொண்டுவந்தாள். தோழி சேர்கிறாளாம். எனக்கு அரை மனசுதான். பெரிய பள்ளிகளில் முதல் குழு, அதற்குக் கீழே இளையோர் குழு, பெண்கள் மட்டும் உள்ள குழு என்று இரண்டு மூன்று இருக்கும். அவளுக்குக் கிடைத்தது இளையோர் குழு. நின்ற இடம் மூன்றாம் படி, இடது ஓரம்.

அந்த ஆண்டு நான் கவனித்தது ஒன்று. நம் பிள்ளைகள் செய்வதெல்லாம் தனியாள் வேலை. அரங்கேற்றம் தனி. ஸ்பெல்லிங் பீ தனி. கணக்கு ஒலிம்பியாட் தனி. ஜெயித்தால் முழுப் புகழும், தோற்றால் முழுப் பழியும் அந்த ஒற்றைத் தலைக்கு. மூன்றாம் படியின் இடது ஓரத்தில் நிற்கிறவளுக்கு அது இரண்டுமே கிடையாது. ஆனால் அவள் கையை அரை விநாடி தாமதமாகத் தூக்கினால் மொத்த வரிசையும் கோணலாகத் தெரியும். நடுவர் அவள் பெயரைக் கேட்க மாட்டார், அவள் தப்பை மட்டும் பார்ப்பார். இது கொடுமை போலத் தோன்றலாம். மகளுக்கோ அது பெரிய விடுதலையாக இருந்தது. ஆல்ட்டோ குரலை அவள் உண்மையில் கற்றது அங்கேதான். இரண்டு பக்கமும் அதே வரியைப் பாடும் பெண்கள் நின்றார்கள், கால் ஆடிக்கொண்டிருந்தது, மெட்டுக்குத் தாவக் காதுக்கு நேரமில்லை. பதினோராம் வகுப்பில் ஆல்-ஸ்டேட் கிடைத்தது. ஷோ க்வயரால்தான் கிடைத்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. நான் அப்படித்தான் நம்புகிறேன்.

ஆக, என்னைக் கேட்டால் இரண்டுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் நடனமோ உடையோ இல்லை. யாரை எதோடு வைத்து அளக்கிறார்கள் என்பதுதான். ஆல்-ஸ்டேட் ஒரு பிள்ளையை மாநிலத்தின் மற்ற பிள்ளைகளோடு அளந்து, உள்ளே அல்லது வெளியே என்கிறது. ஷோ க்வயர் போட்டி ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோடு அளந்து, ஒன்று இரண்டு மூன்று என்று வரிசை போடுகிறது. மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. வசந்தத்தில் வரும் தனிப் பாட்டு விழாவும், மே மாதம் முழு க்வயரும் போகும் விழாவும். அங்கே யாரையும் யாரோடும் ஒப்பிடுவதில்லை. தரத்துக்கேற்ப மதிப்பீடு மட்டும். எல்லாருக்கும் முதல் தரம் கிடைத்தாலும் கிடைக்கலாம். போட்டி என்றாலே வயிறு கலங்குகிற பிள்ளைக்கு அது நல்ல தொடக்கம். அதைப் பற்றி வாட்ஸாப்பில் யாரும் கேட்பதில்லை, கோப்பை கிடையாதே.

ஷோ க்வயர் போட்டி நாள் எப்படி இருக்கும் என்று தெரியாமல் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஜனவரி, பிப்ரவரி சனிக்கிழமை. வெளியே பனி. விடியற்காலை ஐந்து மணிக்குப் பள்ளியில் விட வேண்டும், அதற்குள் தலை சுருள் போட்டு, ஒட்டு இமை ஒட்டி, சிவப்பு உதட்டுச்சாயம் பூசியிருக்க வேண்டும். பேருந்தில் ஒன்றரை மணி நேரம். போட்டியை நடத்துவதும் ஒரு பள்ளிதான். அதன் வகுப்பறைகளில் ஒன்று நம் குழுவுக்குத் தங்கும் அறை. ஒரு குழுவுக்கு மேடையில் ஏறி, அமைத்து, ஆடி, கழற்றி இறங்க அரை மணிக்குள்தான் நேரம். ஆடி முடித்ததும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் அறைக்கு வந்து என்ன நன்றாக இருந்தது, எது சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வார். மாலையில் பகல் சுற்று முடிவு. முதல் ஐந்து, ஆறு குழுக்கள் இரவில் மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும். மாபெரும் வெற்றியாளர் யார் என்று தெரியும்போது மணி பதினொன்று இருக்கும். வீடு திரும்ப இரண்டும் ஆகும். அடுத்த சனிக்கிழமையோ, அதற்கடுத்த சனிக்கிழமையோ, மறுபடி.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போட்டிகளே நடத்துகிற பள்ளிக்கு நிதி திரட்டும் வழி என்பதால் பெற்றோர்கள் கடை போட்டிருப்பார்கள். சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்து உள்ளேயே கறியையும் சீஸையும் கொட்டித் தரும் வாக்கிங் டாக்கோ இந்தப் பகுதியின் தேசிய உணவு. சைவம் என்றால் சிப்ஸ் மட்டும் மிஞ்சும். நான் புளியோதரை கொண்டுபோவேன். மூன்றாம் ஆண்டில் எங்கள் அறையில் அதற்கு வரிசை நின்றது.

இன்னொரு வேடிக்கை. முதல் மாதம் மகள், "அம்மா, என் ஃபேஷியல்ஸ் சரியில்லன்னு சொல்றாங்க" என்றாள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு எதற்கு பார்லர் என்று நான் சண்டைக்கே போகத் தயாரானேன். அது முகபாவமாம். அரங்கின் கடைசி இருக்கைக்குத் தெரியும்படி சிரிப்பு, வியப்பு, சோகம் காட்ட வேண்டும். பரதநாட்டியம் கற்ற பிள்ளைகள் இதில் கில்லாடிகள். ஆனால் அரைமண்டியில் பழகிய கால், குதிகால் வைத்த ஷூவில் நிமிர்ந்து ஆடச் சிரமப்படும்.

மதிப்பெண் விஷயத்தில் ஒரு மனக்குறை உண்டு. பாட்டுக்கு எவ்வளவு, ஆட்டத்துக்கு எவ்வளவு என்பது போட்டிக்குப் போட்டி மாறும். சில இடங்களில் பாதிக்குப் பாதி, சில இடங்களில் பாட்டுக்குக் கூடுதல். கூட்டும் முறையும் மாறும். ஒரு போட்டியில் ஐந்து நடுவர்களில் நால்வர் எங்கள் குழுவை முதலாவதாக வைத்தார்கள், ஒவ்வொருவரும் ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில். ஐந்தாமவர் மட்டும் மற்றக் குழுவுக்கு ஆறு மதிப்பெண் கூடுதலாகப் போட்டார். வெறும் கூட்டல் முறை என்பதால் இரண்டு மதிப்பெண்ணில் தோற்றோம். மதிப்பெண்ணை ஒன்று, இரண்டு, மூன்று என்று தரவரிசையாக மாற்றிப் பிறகு கணக்கிடும் போட்டியாக இருந்திருந்தால் நாங்கள்தான் முதல். பிள்ளைகள் இரண்டு நாளில் மறந்துவிட்டார்கள். நான் இன்னும் மறக்கவில்லை என்பது இதைப் படிக்கும்போதே தெரிந்திருக்கும்.

பணம். ஆல்-ஸ்டேட்டுக்குப் பெரிய செலவு இல்லை. இசைப் புத்தகம், விருப்பப்பட்டால் கோடை முகாம், தேறினால் ஏம்ஸ் போய் வரும் செலவு. ஷோ க்வயரில் கதை வேறு. பாட்டுகளைக் குழுவுக்கென்று எழுதித் தருபவர், வெளியூரிலிருந்து வரும் நடன ஆசிரியர், உடைகள், ரைசர் ஏற்ற லாரி என்று குழுவுக்குப் பல்லாயிரம் டாலர் ஆகும். அதில் ஒரு பங்கு நம் தலையில். நாங்கள் முதல் ஆண்டு ஷூ, மேக்கப் எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 700 டாலர் கட்டினோம். பள்ளிக்குப் பள்ளி இது ரொம்ப மாறும். முடியாதவர்களுக்கு உதவி நிதி பல பள்ளிகளில் இருக்கிறது. கேட்க வெட்கப்பட வேண்டாம், யாரிடமும் சொல்ல மாட்டார்கள். பணம் போக, பெற்றோர் உழைப்பும் உண்டு. எங்கள் பள்ளி போட்டி நடத்திய அன்று நான் ஆறு மணி நேரம் சிப்ஸ் பாக்கெட் கிழித்தேன்.

உடை பற்றி நேராகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் எல்லாரும் தயங்கித் தயங்கித் தனியாகத்தான் கேட்கிறார்கள். பளபளக்கும் குட்டைப் பாவாடை வரும். ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடுவதும், தூக்குவதும் சில குழுக்களில் உண்டு. உங்களுக்கு அது ஒத்துவராது என்றால் ஆகஸ்டிலேயே இயக்குநரிடம் சொல்லுங்கள், டிசம்பரில் உடை தைத்து வந்த பிறகு அல்ல. எங்கள் குழுவில் தலைமறைப்பு அணியும் ஒரு பெண்ணுக்கு முழுக்கை உடையும் காலுறையும் சத்தமில்லாமல் செய்து கொடுத்தார்கள். எங்களுக்கு வந்த சிக்கல் வேறு. எல்லாருக்கும் 'தோல் நிறம்' என்று மொத்தமாக வாங்கிய காலுறை என் மகளின் தோல் நிறம் இல்லை. முதல் போட்டியில் அவள் காலும் கையும் வேறு வேறு ஆளுடையது போலத் தெரிந்தன. அடுத்த வாரமே மாற்றினார்கள். ஆனால் நாங்கள் சொன்ன பிறகுதான் மாற்றினார்கள்.

அடுத்து 'நேஷனல்ஸ்'. ஷோ க்வயருக்கு நாடு முழுமைக்குமான ஒரே தலைமை அமைப்பு கிடையாது. நாஷ்வில், ஷிகாகோ, ஆர்லாண்டோ என்று பல இடங்களில், பல நிறுவனங்கள், தேசிய அளவுப் போட்டி என்று நடத்துகின்றன. எனவே ஒரே ஆண்டில் பல 'தேசிய வெற்றியாளர்கள்' இருப்பார்கள். விமானம், விடுதி என்று ஆயிரம் டாலரைத் தாண்டும். பட்டத்துக்காக என்றால் வேண்டாம். ஐம்பது பிள்ளைகள் சேர்ந்து போகும் ஓர் ஊர்ப்பயணத்துக்கு இவ்வளவு கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதற்கு ஆமாம் என்றால் அனுப்புங்கள். நாங்கள் ஒரு முறை அனுப்பினோம், ஒரு முறை மறுத்தோம். மறுத்ததற்கு இன்னமும் பேச்சு வாங்குகிறேன்.

கல்லூரிக்கு உதவுமா? இந்தக் கேள்வி வராத தமிழ் வீடு இல்லை. ஆல்-ஸ்டேட் என்றால் விளக்கம் தேவையில்லை, விண்ணப்பத்தில் ஒரே வரியில் புரியும். ஷோ க்வயரில் நடனத் தலைவர் மாதிரிப் பொறுப்பு எதையாவது எடுத்திருந்தால் எழுத விஷயம் கிடைக்கும். இதற்கு மேல் இரண்டையும் கல்லூரிக் கணக்கில் போட வேண்டாம்.

பாடாமலும் இதில் இருக்கலாம் என்பதைத்தான் பலர் கவனிப்பதே இல்லை. காம்போ இருக்கிறது, க்ரூ இருக்கிறது. காம்போவில் வாசிக்கிறவர்கள் பேலட்டில் மூச்சோடு மூச்சாகப் போக வேண்டும், அடுத்த பாட்டில் இடிபோல் இறங்க வேண்டும். பல போட்டிகளில் சிறந்த பேண்டுக்குத் தனிப் பரிசு. க்ரூ என்பது கறுப்பு உடையில், ரைசரையும் திரையையும் உருட்டி வந்து, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் அமைத்து, முடிந்ததும் அதே வேகத்தில் கழற்றும் கூட்டம். அதற்கும் சில இடங்களில் பரிசு உண்டு. செலவு குறைவு, ஒட்டு இமை கிடையாது, சனிக்கிழமை மட்டும் அதே சனிக்கிழமைதான்.

சரி, யாருக்கு எது? ஏற்கெனவே தனி மேடை பார்த்து, கைதட்டல் வாங்கிப் பழகிய பிள்ளை என்றால், என் வாக்கு ஷோ க்வயருக்கு, அதிலும் இளையோர் குழுவில் தொடங்குவதற்கு. அந்தப் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்காதது அங்கே இருக்கிறது. குரலை மட்டும் நம்பி, தான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளத் துடிக்கிற பிள்ளைக்கு ஆல்-ஸ்டேட். முதல் ஆண்டு கிடைக்காது என்று சொல்லியே அனுப்புங்கள், நாங்கள் சொல்லாமல் அனுப்பினோம். இரண்டையும் ஒரே ஆண்டில் தொடங்குவது ஒன்பதாம் வகுப்பில் வேண்டாம். அடுத்த ஆண்டு அரங்கேற்றம் வைத்திருக்கிறீர்கள் என்றால் ஷோ க்வயரைத் தள்ளிப்போடுங்கள். ஒரே குரல், ஒரே கால், இரண்டு எஜமானர்களுக்கு அந்த வயதில் தாங்காது. மகளின் சென்னை டீச்சர் பெருந்தன்மையாக வகுப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக் கொடுத்தார். எல்லா டீச்சரும் மாற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் மிருதங்கம் வாசிக்கிறான். குரல் உடைகிற வயது, காலையில் ஒரு குரல், மாலையில் இன்னொன்று. அக்காவைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் அவனும் மூன்றாம் படியில் நிற்பான் என்று நானாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். போன வாரம் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். பாடகர் என்ற கட்டம் காலி. காம்போவுக்கு முதல் விருப்பம், க்ரூவுக்கு இரண்டாவது. பக்கத்தில் பென்சிலில், 'டிரம்ஸ் தெரியாது, ஆனால் ஆதி தாளம் தெரியும்' என்று எழுதி வைத்திருந்தான். அதை அழித்துவிடலாமா என்று அக்காவிடம் கேட்டான். அப்படியே கொடு என்றாள் அவள். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.